கயிறு பிடிக்கிறவன் யார்?

(தூத்துக்குடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



விளையாட்டும் சாதியும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். ஷட்டில் பேட்மிண்டனைப் பற்றி, அதிலும் டபுள்ஸ் ஆடுகிறவர்களைப் பற்றிப் பேசப் போறேன் என்றதும் ஒரு தம்பி சிரித்துவிட்டான். "அது காசுக்காரன் ஆட்டம் தோழர், நமக்குக் கபடிதானே" என்றான். அந்தச் சிரிப்பிலிருந்தே தொடங்குவோம். நமக்குக் கபடி, அவனுக்குப் பேட்மிண்டன் என்று பாகம் பிரித்தது யார்?

கபடியைக் குறைத்துச் சொல்லவில்லை. நம்ம மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடினார். அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையை ஒட்டித்தான் மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' படம் எடுத்தார். கபடிக்கு மண் போதும், உடம்பு போதும், மூச்சுப் போதும். அதனால்தான் நம்மை அங்கே விட்டுவைத்தார்கள். அங்கேயும் சும்மா விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேட்மிண்டனுக்கு என்ன வேண்டும்? 16 இறகுகள் செருகிய ஒரு ஷட்டில், எடை 5 கிராம் சுமார். நம்ம ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். உப்பளத்தில் நின்றால் தலைத் துண்டையே பறித்துக்கொண்டு போகும். இந்தக் கடற்கரையில் வெட்டவெளியில் ஷட்டில் ஆட முடியாது. நாலு பக்கமும் அடைத்த கட்டடம் வேண்டும். நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10 மீட்டர் கோர்ட், மேலே உயரமான கூரை, கீழே மரத்தளம். கட்டடம் என்றால் கதவு. கதவு என்றால் பூட்டு. பூட்டு என்றால் சாவி. சாவி யார் மடியில் இருக்கிறது? நம்ம நாட்டில் எல்லாக் கேள்வியும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. கோயிலானாலும் சரி, கிணறானாலும் சரி, இன்டோர் ஸ்டேடியமானாலும் சரி.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஊருக்குள் ஒரு கிளப் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாக்கடையில் விழுகிற, இறகு ஒடிஞ்ச ஷட்டிலைப் பொறுக்க நாலைந்து பேர் நிற்போம். அதை வைத்துத் தெருவில் பரீட்சை அட்டையால் அடிப்போம். காற்று தூக்கிக்கொண்டு போகும். பின்னாலேயே ஓடுவோம். எங்கள் பேட்மிண்டன் அதுதான்.

இந்த ஆட்டத்தின் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1870களில் புனே ராணுவ முகாமில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் விதி வகுத்த ஆட்டம் இது. 'பூனா' என்றே அதற்கு ஒரு பேர் இருந்தது. அதே புனேயில், 1890களில், ஐரோப்பியர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க் கூலிக்கு ஒருவர் வேலை பார்த்தார். கிரிக்கெட் ஆடுகளத்தை உருட்டுவது, வலை கட்டுவது, துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசுவது. அவர் பேர் பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சாம்பார் சாதியில் பிறந்தவர். அவர் பந்துவீச்சு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் புனே இந்துக்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே, தனியாக, மண் குவளையில் தேநீர். அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள், அவர் தொட்ட கோப்பையைத் தொடவில்லை. 1911இல் இங்கிலாந்து போய் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவருக்குக் கேப்டன் பதவி கிடைக்கவே இல்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் கிடைத்தது, அதுவும் சண்டை போட்டு.

பதினொரு பேர் கொண்ட அணியில் ஒருவனை ஒதுக்கி வைத்துக்கொண்டே அவனைப் பயன்படுத்த முடியும் என்பதற்குப் பாலு சாட்சி. இரண்டே பேர் இருக்கிற அணியில் அது முடியுமா? நான் டபுள்ஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

டபுள்ஸ் ஆட்டம் எப்படி நடக்கிறது? அடிக்கும்போது ஒருத்தர் முன்னே, ஒருத்தர் பின்னே. எதிராளி அடித்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இந்த மாற்றம் நொடிக்கு நொடி நடக்க வேண்டும். பின்னால் நிற்கிறவன் என்ன செய்கிறான் என்று முன்னால் நிற்கிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் பாயிண்ட் போச்சு. முதுகை ஒருத்தனிடம் ஒப்படைத்துவிட்டு ஆடுகிற ஆட்டம் அது.

நம்ம கரையில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. முத்துக்குளி 1961ஓடு நின்றுபோனது. சங்குகுளி இன்றும் நடக்கிறது. அந்தக் காலத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு ஆள் கீழே போவான். மேலே படகில் ஒருத்தன் கயிறு பிடித்திருப்பான். கீழே இருந்து ஒரு இழுப்பு வந்ததும் தூக்க வேண்டும். அசந்தால் உயிர் இல்லை. கயிறு பிடிக்கிறது மச்சானாக இருக்க வேண்டும் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தன் அக்கா தங்கச்சி தாலி அறுவதை எவனும் விரும்ப மாட்டான் இல்லையா? கடலில் உயிரைக் கொடுத்துப் பிழைக்கிற சனத்தின் அனுபவம் அது. நான் கேலி செய்யவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மச்சானைத்தான் நம்பலாம் என்றால், மச்சான் எங்கிருந்து வருவான்? சொந்தச் சாதியிலிருந்துதான். இந்த நாட்டில் நம்பிக்கை என்கிற பண்டம் அகமண வேலிக்குள்ளேயே கைமாறுகிறது. வேலிக்கு வெளியே கூலிதான், வேலைதான், கும்பிடுதான். அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சகோதரத்துவத்தையும் சாதி மறுப்பு மணத்தையும் சேர்த்தே பேசியதன் காரணம் இதுதான். மச்சானாக இல்லாதவன் கயிறு பிடிப்பானா? டபுள்ஸ் கோர்ட்டில் நிற்கும் கேள்வியும் அதுவேதான்.

பிடிப்பான் என்று காட்டிய ஜோடி ஒன்று உண்டு. சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி 2000இல் பிறந்தவர். ஆந்திராவில் கோதாவரி கடலில் கலக்கும் பக்கம் அமலாபுரம் என்கிற ஊர்க்காரர். அப்பா உடற்பயிற்சி ஆசிரியர். சிராக் ஷெட்டி 1997இல் பிறந்த மும்பைக்காரர். இருவரும் பின்னால் நின்று ஓங்கி அடிக்கிறவர்கள். டான் கிம் ஹெர் என்கிற மலேசியப் பயிற்சியாளர்தான் இருவரையும் ஜோடி சேர்த்தார். இரண்டு பேருக்கும் பின்னால்தான் நிற்கப் பிடிக்கும். தொடக்கத்தில் சரளமாகப் பேசிக்கொள்ளப் பொது மொழிகூட இல்லை. தனக்குப் பிடித்த இடத்தை விட்டுக்கொடுத்து முன்னால் வந்து நிற்க இருவரும் பழக வேண்டியிருந்தது.

2018 காமன்வெல்த்தில் வெள்ளி. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தும், செட் கணக்கு இடித்து முதல் சுற்றோடு வெளியேற்றம். அவர்கள் அங்கே தோற்கடித்த தைவான் ஜோடிதான் கடைசியில் தங்கம் வாங்கியது. அதோடு பிரிந்து போயிருக்கலாம். பிரியவில்லை. 2022 மே 15, பாங்காக்கில் தாமஸ் கோப்பை இறுதி ஆட்டம். இந்தோனேசியாவுக்கு எதிராக முதல் செட்டை இழந்து, இரண்டாவதில் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு, 18-21, 23-21, 21-19 என்று ஜெயித்தார்கள். இந்தியா முதல்முறையாக அந்தக் கோப்பையை எடுத்தது. 2023இல் ஆசியச் சாம்பியன், இந்தோனேசிய ஓப்பன், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். அதே அக்டோபரில் உலகத் தரவரிசையில் முதலிடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதியில் தோல்வி. 2025 உலகச் சாம்பியன்ஷிப்பில் மறுபடி வெண்கலம்.

இந்த ஆட்டத்தில் வருமானமும் சமமில்லை. பெரிய போட்டிகளில் சிங்கிள்ஸில் ஜெயித்தவருக்கு 100 ரூபாய் என்றால், டபுள்ஸ் ஜோடிக்கு இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 105 ரூபாய். அதைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். டபுள்ஸ் ஆடுகிறவர்களை இரண்டாந்தரமாக நடத்துகிறார்கள் என்று ஜுவாலா குட்டா பல வருசம் கத்தினார். 2011 உலகச் சாம்பியன்ஷிப்பில் அஸ்வினி பொன்னப்பாவோடு வெண்கலம் வாங்கியவர். தாய் சீனர் என்பதற்காக அவரை இனம் சொல்லி ஏசிய நாடு இது.

இப்போது அமலாபுரத்துக்குத் திரும்பி வாருங்கள். மே 15இல் அந்த ஊர்ப் பிள்ளை கோப்பையைத் தூக்குகிறார். நாடே கொண்டாடுகிறது. சரியாக ஒன்பது நாள் கழித்து, மே 24இல், அதே அமலாபுரம் எரிந்தது. எதற்கு? புதிதாக உருவான கோனசீமா மாவட்டத்துக்கு டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் பேரைச் சேர்க்கப் போவதாக அரசு அறிவித்ததற்கு. தலித் அமைச்சர் ஒருவரின் வீட்டுக்கும் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வீட்டுக்கும் தீ வைத்தார்கள். பஸ்களைக் கொளுத்தினார்கள். இதில் சாத்விக்கை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் அந்த ஊரில் பிறந்தார், அவ்வளவுதான். நான் ஊரைப் பற்றிப் பேசுகிறேன். மும்பைக்காரனும் அமலாபுரத்துக்காரனும் ஒரே கோர்ட்டில் நின்றால் கைதட்டுகிற ஊருக்கு, மாவட்டத்தின் பேருக்குப் பக்கத்தில் அம்பேத்கர் பேர் நிற்பதைத் தாங்க முடியவில்லை. ஒப்புக்கொள்ளப்பட்ட ஜோடி எது, ஒப்புக்கொள்ளப்படாத ஜோடி எது என்று இதைவிடத் தெளிவாக யாரும் நமக்குச் சொல்லித்தர முடியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் எனக்கு ஷட்டில் கிடைக்கவில்லை, பூப்பந்து கிடைத்தது. கம்பளி நூல் பந்து, வெளியில் ஆடலாம். அதிலும் டபுள்ஸ் உண்டு. ஊருக்குள் இருந்து வருகிற ஒரு வகுப்புத் தோழனும் நானும் ஜோடி. இரண்டு வருசம் ஆடினோம். கோர்ட்டில் அவன் என் துண்டை எடுத்து முகம் துடைப்பான். என் பாட்டிலை வாயில் வைத்துத் தண்ணி குடிப்பான். அவன் வீட்டுத் திண்ணையில் நான் ஏறினதில்லை. மூன்றாம் வருசம் அவங்க அப்பா பள்ளிக்கு வந்து போனார். மறுநாள் பட்டியலில் அவன் பேருக்கு எதிரே வேறொரு பையன் பேர். வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமல், "உனக்கு வேற நல்ல பார்ட்னர் பாப்போம்ல" என்றார். பார்க்கவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. எனக்கு வலித்தது அதுதான். எதிராளி அடித்த அடி வலிக்காது தோழர்களே, கயிறு பிடிச்சவன் விட்டதுதான் வலிக்கும். அதற்குப் பிறகு நான் மட்டையைத் தொடவில்லை. அது என் தப்பு. ஆடியிருக்க வேண்டும்.

கபடியில் சும்மா விடவில்லை என்றேனே, அதற்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் இந்தியப் பெண்கள் தோற்றார்கள். ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு வெளியே பட்டாசு வெடித்து, சாதிப் பேர் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால் தோற்றதாம். 2025 மார்ச்சில் நம்ம ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்குப் பஸ்ஸில் போன பதினோராம் வகுப்புத் தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். ஆக, தோற்றாலும் குற்றம், ஜெயித்தாலும் குற்றம். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து நம்ம சனத்தின் வீட்டுச் சாமான்களை நொறுக்கியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அவர்களுக்கு ஆகாதது நம்ம வறுமை இல்லை, நம்ம எழுச்சி.

2025 பிப்ரவரியில் பயிற்சியாளர் கோபிசந்தே வெளிப்படையாகச் சொன்னார்: பணக்கார வீடாகவோ குடும்பத் தொழில் உள்ள வீடாகவோ இல்லாவிட்டால் பிள்ளைகளை விளையாட்டில் இறக்காதீர்கள் என்று. சாம்பியன்களை உருவாக்கியவர் வாயிலிருந்து வந்த உண்மை. நடுத்தர வர்க்கத்துக்கே அந்தப் புத்திமதி என்றால், உப்பளத்தில் கால் வெடித்து நிற்கிற அம்மா தன் மகளுக்கு என்ன சொல்வாள்? பொதுத்துறை வேலை என்று ஒரு ஏணி இருந்தது. தனியார்மயம் அதையும் படிப்படியாக உருவுகிறது. இட ஒதுக்கீட்டுக்குப் போராடுகிற நாம் ஆடுகளத்துக்கும் போராட வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

கடைசியாக நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம்ம தெரு டீமில் அருந்ததியர் குடியிருப்புப் பையன் எத்தனை பேர்? நம்ம பொம்பளைப் பிள்ளைகள் பெரிய மனுஷியான பிறகு எத்தனை பேர் மைதானத்துக்கு வருகிறார்கள்? பேட்மிண்டனில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதற்குக் கலப்பு இரட்டையர் என்று பேர். 'கலப்பு' என்றாலே அரிவாள் தூக்குகிறவனைப் பற்றி நாம் பேசுகிறோம். நம்ம வீட்டுக்குள் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை?

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. அரசுப் பணத்தில் கட்டின ஒவ்வொரு உள்ளரங்குக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். காலையில் யார் ஆடுகிறார்கள், மாலையில் யார், கட்டணம் எவ்வளவு, சாவி யாரிடம் என்று எழுத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச நேரம் கேளுங்கள். ஷட்டிலும் பயிற்சியாளரும் கேளுங்கள். நேரம் கிடைத்ததும் ஒரே தெருப் பிள்ளைகளை ஜோடி சேர்க்காதீர்கள். காலனிப் பிள்ளையும் மீனவர் தெருப் பிள்ளையும், அருந்ததியர் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் என்று சேர்த்து இறக்குங்கள். எவனாவது அப்பன் வந்து பேரை மாற்றச் சொன்னால், அன்றைக்கு அந்தப் பள்ளி வாசலில் நாம் நிற்க வேண்டும். என் பேரை அடித்த அன்றைக்கு வாசலில் ஒருத்தரும் இல்லை.

முதலில் சிரித்த தம்பியிடம் கேட்கிறேன்: நாளைக்கே மனு எழுதலாமா? எழுது. முதல் கையெழுத்து என்னுடையது.

ஜெய்பீம்.