சாலையில் பிரமாதம்

(சத்துவாச்சாரியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை சத்துவாச்சாரியை இரண்டாகப் பிளந்து செல்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்ற வளாகமும் இவ்வூரிலேயே உள்ளன. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழில் நடக்கும் ஊர்களை ஒன்றாகக் கோப்பதும் இச்சாலையே. காலையிலும் மாலையிலும் ஷூ கம்பெனிப் பெண் தொழிலாளர்களை ஏற்றிய வேன்கள், சரக்கு லாரிகள், பள்ளிப் பேருந்துகள், இவற்றினூடே நுழைந்து செல்லும் இருசக்கர வாகனங்கள். அவற்றில் செல்வோருள் எத்தனை பேர் தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையே கைபேசியைச் செருகியுள்ளனர் என்பதை, சர்வீஸ் சாலையோரம் கால் மணி நேரம் நிற்பவர் எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

வண்டி ஓட்டுங்கால் கைபேசியில் பேசுவதையே சட்டம் தடுக்க வேண்டுமா, அன்றித் தீங்கு விளைந்த பின் தண்டித்தால் போதுமா என்பது இங்கு ஆராயத்தக்க வினா. யார்மீதும் மோதவில்லை, எவர்க்கும் காயமில்லை, வெறும் பேச்சுக்கு அபராதமா என்று கேட்போர் பலர். அக்கேள்வி எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. உயர் நீதிமன்றம் ஒன்றே ஏறத்தாழ அவ்வாறு தீர்ப்பளித்ததுண்டு.

2018ஆம் ஆண்டு மே மாதம், கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வின் முன் அவ்வழக்கு வந்தது. கைபேசியில் பேசியபடி வாகனம் ஓட்டிய ஒருவர்மீது, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் செயலைத் தண்டிக்கும் கேரளக் காவல் சட்டப் பிரிவின் கீழ் வழக்குப் பதிவாகியிருந்தது. பேசிக்கொண்டே ஓட்டினார் என்பதனாலேயே பொதுமக்களுக்கு ஆபத்து விளைந்தது எனக் கொள்ள இயலாது. அதனைக் குற்றமாக்க வேண்டுமாயின் அதற்குரிய விதி வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். கேட்போர்க்கு இது வியப்பளிக்கலாம். ஆயினும் எழுதப்படாத குற்றத்துக்கு ஒருவரைத் தண்டித்தல் முறையன்று. குறை தீர்ப்பில் இல்லை, சட்டத்தில் இருந்தது.

அக்குறையை மறு ஆண்டே நாடாளுமன்றம் நீக்கியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், 2019 செப்டம்பர் 1 முதல், ஆபத்தாக ஓட்டுதலைப் பற்றிய 184ஆம் பிரிவில், கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதையும் வெளிப்படையாகச் சேர்த்தது. இனி ஆபத்து விளைந்ததா எனத் தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை, அச்செயலே ஆபத்து. முதல் முறை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கட்டண வரிசைப்படி முதல் முறைக்கு 1,000 ரூபாய், மூன்றாண்டுக்குள் மீண்டும் பிடிபட்டால் 10,000 ரூபாய்.

இதற்கு முன்பே இத்துறையில் முயன்றவர் ஒரு தமிழ் மருத்துவர். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். முறிந்த எலும்பைச் சேர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர், எலும்பு முறியாதிருக்க வழி தேடி நீதிமன்றம் சென்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது. அவ்வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. ஓட்டுங்கால் கைபேசியில் பேசுவோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்குமாறு 2015இல் மாநிலங்களுக்கு அக்குழு அறிவுறுத்தியது.

2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நிகழ்ந்து 17,884 பேர் மாண்டனர். கைபேசியே காரணம் என்று பதிவாகும் விபத்துகள் மொத்தத்தில் மிகச் சிறு பங்கே. மாண்டவர் தாம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்ல வரப்போவதில்லை. பிழைத்தவர் ஒப்புக்கொள்ளப் போவதும் இல்லை. ஆதலின் அச்சிறு எண்ணைக் கண்டு ஆறுதல் அடைதல் தகாது.

தீங்கு விளையுமுன் ஒரு செயலைக் குற்றம் எனலாமா என்னும் வழக்கறிஞர்தம் வினாவுக்குச் சமண அறநூல்கள் நெடுங்காலம் முன்னரே விடை கண்டுள்ளன. பிரமாதம் என்னும் சொல் இன்றைய பேச்சுத் தமிழில் 'மிகச் சிறப்பு' என்னும் பொருளில் வழங்குகிறது. சாஸ்திரத்திலோ அதன் பொருள் சோர்வு, கவனமின்மை. உமாஸ்வாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சையை விளக்கும்போது முதலில் வைப்பது உயிரிழப்பை அன்று. அதற்குக் காரணமான பிரமாதத்தை. பொன்னூர்மலையில் தவமிருந்தவராகத் தமிழ்ச் சமணர் போற்றும் குந்தகுந்த ஆசாரியரும், கவனமின்றி நடப்பவனுக்கு உயிர் மாண்டாலும் மாளாவிடினும் இம்சை உறுதி என்னும் கருத்தையே நிறுவினார். யார்மீதும் மோதவில்லையே என்னும் வாதம் இங்கே நிற்காது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் வந்தடைந்த இடமும் இதுவே.

பிரமாதத்தின் வகை பதினைந்து என்பர். விகதை என்னும் வீண்பேச்சு நான்கு, கஷாயம் நான்கு, புலன்கள் ஐந்து, உறக்கம், சினேகம். கைபேசி என்னும் சிறு கருவிக்குள் இவற்றுள் உறக்கம் ஒழிந்த ஏனையவை எல்லாம் அடங்கிவிடுகின்றன. 'சாப்பிட்டாயா, எங்கே வருகிறாய்' என்று வீட்டிலிருந்து வரும் அழைப்பு சினேகத்தின்பாற்படும். அன்பும் பிரமாதமாகும் என்று எழுதிவைத்தவர்களின் நுண்மையை வியவாதிருக்க இயலாது.

ஈர்யா சமிதி முனிவர்க்கு உரியது; நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி, உயிர்க்கு ஊறு நேராவண்ணம் அடி வைத்தல். நடப்பவர்க்கு அத்தொலைவு போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நான்கு முழத்தைக் கடக்க அதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. வாட்ஸ்அப் செய்தி ஒன்றை மூன்று நொடி பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் 66 மீட்டர் சாலை பாராமலே கடந்திருக்கும். அந்த 66 மீட்டருக்குள் ஷிப்ட் முடிந்து சாலையைக் கடக்கும் பெண்ணும் இருக்கலாம், தெருநாயும் இருக்கலாம்.

எனவே தடை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அது எதுவரை எட்டும் என்பது வேறு வினா. சட்டம் பிடிப்பது கையை. டொராண்டோ நகரில் கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களை ஆராய்ந்து 1997இல் வெளிவந்த ஆய்வு, பேசும்போது விபத்து அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது எனவும், கையில் பிடிக்காமல் பேசும் கருவியால் பாதுகாப்பு மிகுவதாகத் தெரியவில்லை எனவும் கண்டது. கண் சாலையில் இருக்க, மனம் பேச்சில் இருக்கிறது. தலைக்கவசத்துள் செருகியவரும் 'கையில் பிடிக்கவில்லையே' என்று வாதாடக்கூடும்.

சொல்லைப் பற்றிக்கொண்டு நழுவுதல் இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 2003 முதலே தடை உண்டு. ஆயினும் விபத்து நடந்த இடத்தைக் கைபேசியில் படம் பிடித்தபடி சென்ற ஓட்டுநர் ஒருவர், அது உரையாடல் ஆகாது என வாதிட்டு 2019இல் வென்றார். 2022இல் அங்கே விதியைத் திருத்தி, படம் எடுப்பதையும் பாட்டு தேடுவதையும் தடைக்குள் கொண்டுவந்தனர். இந்தியாவில் 2020 அக்டோபர் முதல் வழி காட்டுவதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், கைபேசியைப் பயன்படுத்தலாம் என்னும் விலக்கு உள்ளது. கருவி மாறுந்தோறும் சட்டம் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சட்டம் தொடாத இடம் இன்னொன்றும் உண்டு. அபராதம் ஓட்டியவருக்கே, அழைத்தவருக்கு இல்லை. சரக்கு எங்கே வருகிறது என்று பத்து நிமிடத்துக்கொரு முறை லாரி ஓட்டுநரைக் கேட்கும் முதலாளிக்கும், மகன் வண்டியில் இருப்பதை அறிந்தே அழைக்கும் வீட்டாருக்கும் 184ஆம் பிரிவில் இடமில்லை. சமண அறமோ செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றையும் ஒருங்கே கணக்கில் கொள்கிறது. 'வண்டியில் இருக்கிறேன்' என்று மறுமுனை சொன்ன பின்னும் பேச்சை நீட்டுபவர் செய்விக்கிறார். பக்கத்து இருக்கையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர் உடன்படுகிறார். அகிம்சா அணுவிரதம் கொண்ட குடும்பங்கள், ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு அஞ்சுவதைவிட இதற்கு அஞ்ச வேண்டும்.

விழாக் காலங்களில் மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் பொன்னூர்மலைக்கும் வேன் அமர்த்திச் செல்லும் குடும்பங்கள் பல. புறப்படும்போதே ஓட்டுநரின் கைபேசியை முன் இருக்கையில் அமர்பவர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். வழி பார்ப்பதையும் அவசர அழைப்புக்கு விடை சொல்வதையும் அவரே செய்யலாம். சேரும் நேரத்தை வீட்டிலிருப்போர்க்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கண்ணமங்கலத்திலோ ஆரணியிலோ வண்டி தேநீருக்கு எப்படியும் நிற்கும். ஓட்டுநர் தம் வீட்டாரோடு பேச வேண்டியதை அங்கே நின்று நிதானமாகப் பேசிக்கொள்வார்.