ஒரு தட்டுக்கு என்ன கூலி?

(புளியந்தீவில் நடைபெற்ற அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நத்தார் கேக்கிலும் பெருநாள் பலகாரத்திலும் பிளம்ஸ் போடுகிறோம். அது காய்ந்த முந்திரிகைப்பழம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பிரெஸ்னோ நகரத்துக்குப் பக்கத்தில் செல்மா என்றொரு சிற்றூர் இருக்கிறது. உலகத்துக்கே பிளம்ஸ் தலைநகரம் தாங்கள்தான் என்று அந்த ஊரார் சொல்லிக்கொள்வார்கள்.

அங்கே ஆகஸ்ட் கடைசியில் அறுவடை தொடங்கும். தொழிலாளர்கள் குலைகளை வெட்டி, கொடி வரிசைகளுக்கு நடுவே நிலத்தில் விரித்த கடதாசித் தட்டுகளில் பரப்புவார்கள். இரண்டு மூன்று கிழமை வெயிலில் காய வேண்டும். இடையில் மழை பெய்தால் பழம் பழுதாகிவிடும். அதனால் கொளுத்தும் வெயிலிலும் ஓட்டமாக வேலை நடக்கும். நாலு கிலோவுக்கு மேல் பழம் காய்ந்தால்தான் ஒரு கிலோ வற்றல். கூலி தட்டுக் கணக்கில். கிலோக் கணக்கில் கொழுந்து பறித்த நம் தாய்மாருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

தோட்டக்காரர்கள் 1912ஆம் ஆண்டிலேயே கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் பழத்துக்கு விலை தேடிக்கொண்டார்கள். தொழிலாளியின் நிலை வேறு. 1935இல் அமெரிக்கா தொழிற்சங்க உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது பண்ணைத் தொழிலாளரை அதற்கு வெளியே விட்டது. அதே 1935இல்தான் நம் நாட்டில் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளியும் சங்கம் அமைக்க அது வழிவிட்டது.

சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத அவர்கள் என்ன செய்தார்கள்? செல்மாவுக்குத் தெற்கே டெலானோ என்ற ஊர். அங்கே சாப்பாட்டு முந்திரிகை விளைகிறது. 1965 செப்டெம்பர் 8ஆம் திகதி லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பைன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 1 டொலர் 40 சதம், பெட்டிக்கு 25 சதம் கேட்டார்கள். பிலிப்பைன்காரர் நிறுத்தினால் மெக்சிக்கரை இறக்குவதும், மெக்சிக்கர் நிறுத்தினால் பிலிப்பைன்காரரை இறக்குவதும் முதலாளிமாரின் பழைய வழக்கம். இந்த முறை அது பலிக்கவில்லை. எட்டு நாளில், செப்டெம்பர் 16ஆம் திகதி, சீசர் சாவேசின் மெக்சிக்கத் தொழிலாளர் சங்கம் கூடி, தாங்களும் வேலைநிறுத்தத்தில் சேர்வதென்று தீர்மானித்தது. அடுத்த வருடம் இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. ஊர் ஊராக மக்கள் முந்திரிகை வாங்காமல் துணை நின்றார்கள். ஐந்து வருடம் போராடி, 1970 ஜூலையில் ஒப்பந்தம் கிடைத்தது. 1975இல் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளருக்குச் சங்க உரிமைச் சட்டம் வந்தது. அது செல்மாவில் தட்டு நிரப்புகிறவருக்கும் சேர்த்துத்தான்.

இனி நம் பக்கம் பார்ப்போம். தென்னந்தோட்டத்தில் தேங்காய் பறிப்பவர், உரிப்பவர், வீட்டிலிருந்து கஜு உடைக்கும் பெண்கள் ஆகியோரில் எத்தனை பேர் நம் அங்கத்தவர்? எண்ணிக்கைக்குத்தான் அவர்களுக்குக் கூலி. எண்ணுகிறவர் கொந்தராத்துக்காரர். ஒரு ஊரார் கூலி கூட்டிக் கேட்டால் அடுத்த ஊரிலிருந்து ஆள் வருகிறது. தமிழருக்குப் பதில் முஸ்லிம், முஸ்லிமுக்குப் பதில் தமிழர். டெலானோவில் முறிந்த அதே தந்திரம்தான் இது.

ஆகவே இந்தக் கூட்டத்திடம் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். நாட்கூலிக்கும் எண்ணிக்கைக் கூலிக்கும் வேலை செய்பவர்களை அங்கத்தவராகச் சேர்ப்போம். பக்கத்து ஊர்த் தொழிலாளருடன், அவர் எந்த இனமானாலும், வேலை தொடங்குமுன் பேசி ஒரே கூலி கேட்போம். சட்டம் இல்லாதவர்கள் ஒற்றுமையால் சட்டத்தையே பெற்றார்கள். நமக்குச் சட்டம் இருக்கிறது. ஒற்றுமையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.