ஈயக் கவசமும் வழக்குப் பயமும்

கதிரியல் துறையில் இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, எக்ஸ்ரே மேசையில் படுத்திருப்பவரின் இடுப்பில் ஈயக் கவசத்தைப் போர்த்துவது 1950-களில் வந்த பழக்கம். கதிர்வீச்சின் கேடு பிள்ளைகளுக்கும் இறங்கிவிடும் என்ற அச்சம் அதைக் கொண்டுவந்தது. 1976-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.யும் அதைப் பரிந்துரைத்தது. ஆனால் ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்கு உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளிடம்கூட அப்படியொரு பரம்பரைக் கேடு இதுவரை தென்படவில்லை. ஒரு படத்துக்குச் செலவாகும் கதிரும் அன்றைக்கு இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரை மேலே கிடக்கும் ஈயம் தடுக்காது. சினைப்பை இருக்கும் இடமும் ஆளுக்கு ஆள் மாறும். கவசம் நகர்ந்து எலும்பை மறைத்தால் இன்னொரு படம் எடுக்க வேண்டும். கதிரின் அளவைத் தீர்மானிக்கும் தானியங்கி உணரியை மறைத்தாலோ இயந்திரமே கதிரைக் கூட்டிவிடும். இவற்றை எடைபோட்டுத்தான் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இல் இந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது.

ஆனாலும் பழக்கம் எளிதில் போவதில்லை. “நாளைக்கு யாராவது கேஸ் போட்டால்?” என்பதே காரணம். கேள்வியை நான் இளக்காரம் செய்யவில்லை. 1995 முதல் நம் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் துறை ஏற்றுக்கொண்ட அன்றைய நடைமுறையைப் பின்பற்றியவரிடம் அலட்சியம் காண முடியாது என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, துறையே கைவிடச் சொன்னதைக் கேஸுக்குப் பயந்து போர்த்துவது எப்படிப் பாதுகாப்பாகும்?

அப்படியானால் பயமே வேண்டாமா என்பீர்கள். வேண்டும், வேறோர் இடத்தில். 2009-இல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில் மூளை சி.டி. ஸ்கேனில் 200-க்கும் மேற்பட்டோர் வழக்கமான அளவைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு கதிர் வாங்கியது தெரியவந்தது. தவறு 18 மாதம் நீடித்திருந்தது. சிலருக்கு முடி கொட்டியது. எந்தக் கவசமும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. ஸ்கேனரின் அமைப்பைச் சரிபார்த்து, ஒவ்வொரு டோஸையும் பதிவேட்டில் எழுதி, எண் ஏறினால் அன்றே கேள்வி கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். வழக்குப் பயம் அந்தப் பதிவேட்டை நோக்கி நம்மைத் தள்ளட்டும். கோர்ட்டில் பேசப்போவதும் அதுதான். இதற்குப் பிறகும் குழந்தைக்குக் கவசம் வேண்டும் என்று தாய் கேட்டால் இரண்டு நிமிடம் பொறுமையாக விளக்குங்கள். மனம் ஆறவில்லையென்றால், படத்தை மறைக்காத இடத்தில் போர்த்திவிட்டு வேலையைப் பாருங்கள். அதற்காகச் சண்டை வேண்டாம்.