‘ம்’ கொட்ட ஓர் ஆள்



தலைமை ஏற்பவர் முதலில் தம் தகுதியின்மையைப் பற்றி நான்கு வார்த்தை பேசுவது மரபு. அதை நீங்களே அறிவீர்கள் என்பதால் நேரே பொருளுக்கு வருகிறேன். பல இனத்தார் கூடும் அரங்கில் நேரடிக் கதைசொல்லல், மீள்திறன், அடையாளம் என்று நம் கருத்தரங்கின் அழைப்பிதழ் சொல்கிறது. இதில் கதை சொல்பவர் இருக்கிறார், கேட்பவரைக் காணோம். விடுபட்ட அந்த ஆளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் வீடுகளில் பாட்டி கதை தொடங்குமுன் ஒரு நிபந்தனை போடுவார்: ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். வில்லுப்பாட்டில் இந்த வேலை பின்பாட்டுக்காரருக்கு உரியது. தலைமைப் பாடகர் ஒன்று சொல்ல, இவர் ‘ஆமாம்’ என்பார், சந்தேகம் கேட்பார், சிலசமயம் மடக்கவும் செய்வார். கேட்பவரின் பங்கைக் கலையின் உறுப்பாகவே வைத்தவர்கள் நம் முன்னோர்.

இது தமிழருக்கு மட்டும் உரிய அறிவல்ல. மலாய் மக்கள் தங்கள் கதைசொல்லியைப் ‘பெங்லிப்புர் லாரா’ என்று அழைத்தார்கள். துயர் ஆற்றுபவர் என்று பொருள். ஆற்றுவதற்கு எதிரே ஒருவர் துயரோடு இருந்தாக வேண்டும் அல்லவா? பெயரிலேயே கேட்பவர் உட்கார்ந்திருக்கிறார்.  சிங்கப்பூர் ஆற்றங்கரையில் சீனக் கதைசொல்லிகள் ஊதுவத்தி கொளுத்தி வைத்துக் கதை சொன்னார்கள். வத்தி எரிந்து முடிந்தால் ஒரு பகுதி முடிந்தது. சில்லறை விழுந்தால் அடுத்த வத்தி. பகலெல்லாம் மூட்டை தூக்கிய கூலியாட்கள் தங்கள் ஊர்ப் பேச்சில் கதை கேட்டு, தாம் யார் என்பதை மறக்காமல் வீடு திரும்பினார்கள்.

பிறகு ரெடிஃப்யூஷன் வானொலி வந்தது. கான்டனீஸ் மொழியில் லீ டாய் சோர் சொன்ன கதைகளுக்குக் காத்திருந்த வீடுகள் ஏராளம். 1979இல் சிங்கப்பூரில் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கான்டனீஸ் போன்ற சீன வட்டார மொழி நிகழ்ச்சிகள் ஒலிபரப்பிலிருந்து விலக்கப்பட்டன. சொல்பவர் இருந்தார், கேட்பவரும் இருந்தார். நடுவிலிருந்த மொழி எடுக்கப்பட்டது. அடையாளத்தைப் பற்றிப் பேசும் நாம் இந்த நிகழ்வைக் கடந்துபோக முடியாது.

அடுத்து மீள்திறன். இந்தச் சொல் எனக்குச் சற்று உறுத்துகிறது. ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன்.

1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போட்டது. நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில் என்கிறார்கள். இறந்தவர் தொகையைச் சில மதிப்பீடுகள் 90,000 வரை கொண்டுபோகின்றன. அந்தத் தொழிலாளர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் கணிசமானோர். கைதிகள் நாட்குறிப்பு எழுதினார்கள், நூல் எழுதினார்கள், அவர்களைப் பற்றித் திரைப்படமும் வந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரி இடுகாட்டில் அவர்களுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத் தொழிலாளிக்குப் பெயர் பொறித்த அப்படியொரு கல்வரிசை அமையவில்லை. அவருக்கு வாய்த்தது லயத்து வாசலும், இருட்டியபின் ‘சயாமுக்குப் போன கதை’யும்தான். அந்த வாய்மொழி இருந்ததால்தான் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுத முடிந்தது, அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ நாவலை எழுத முடிந்தது.

அந்தக் கதைகள் எல்லாமே மீண்டெழுந்த கதைகளா? திரும்பி வந்தவர் பலர் வாயே திறக்கவில்லை. திறந்தவரும் பாதியில் நிறுத்தினார். இன்றைய மேடை அவரை ஏற்குமா? 1997இல் நியூயார்க்கில் ‘தி மாத்’ என்ற கதைசொல்லல் அமைப்பு தொடங்கிய பிறகு, குறிப்பில்லாமல் தன் வாழ்வைத் தானே சொல்லும் மேடைகள் பல நாடுகளில் பெருகின. எளியவரும் ஏறக்கூடிய மேடை அது, வரவேற்கிறேன். ஆனால் அதன் போட்டி மேடையில் ஒரு கதைக்கு ஐந்தே நிமிடம். ஐந்து நிமிடத்தில் விழுந்து, எழுந்து, கைதட்டலும் வாங்க வேண்டுமென்றால் எழாதவருக்கு அங்கே இடமில்லை. துயரத்தைக் கேட்க வந்த அவை வெற்றியைக் கேட்டுப் பழகிவிடும். அரை வாக்கியத்தில் நிறுத்திய கிழவருக்கும் ‘ம்’ கொட்டத் தெரிந்த அவையே நல்ல அவை என்பது என் முடிவு.

ஆகவே அமர்வுகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: கதையை அவரவர் மொழியில் சொல்ல விடுங்கள், மொழிபெயர்ப்பவர் அருகில் நின்று பின்பாட்டுக்காரரைப் போலத் தொடரட்டும். இரண்டு: ஒலிப்பதிவு செய்வோர் கதையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள், குறுக்கிட்ட கேள்வி, சிரிப்பு, அமைதி எல்லாம் பதிவில் இருக்கட்டும். பின்னாளில் ஆய்வு செய்பவருக்கு அவைதான் தரவு. மூன்று: தமிழர் கதைக்குத் தமிழரும், சீனர் கதைக்குச் சீனரும், மலாய்க்காரர் கதைக்கு மலாய்க்காரரும் மட்டுமே கூடினால் அது குடும்ப விழா. இன்று அவரவர் அமர்வை விட்டு அடுத்தவர் அமர்வில் போய் உட்காருங்கள்.

இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வில் பேசவிருக்கும் அம்மையார் மேடைக்கு வரலாம். அவையோர் ‘ம்’ கொட்டத் தயாராக இருங்கள்.