கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை: முன்னறிய வேண்டியவை

(சங்கத்தின் மகளிர் பகுதிக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று பேசுமாறு எனக்குப் பணிக்கப்பெற்ற பொருள், 'லைபோசக்‌ஷன்' என வழங்கும் கொழுப்பு உறிஞ்சும் அறுவைச் சிகிச்சையாகும். இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில் இடுப்புச் சதையைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் நகைக்கக் கூடும். ஆயினும், நம் காலனி வீடுகளில் இன்று தாழ்ந்த குரலில் பேசப்படும் செய்திகளுள் இதுவும் ஒன்று. மறைவில் பேசப்படுவது அரைகுறையாகவே அறியப்படும். அரைகுறை அறிவோடு ஒருவர் அறுவை மேசையில் படுப்பது தகாது. ஆதலின், இதனை வெளிப்படையாகப் பேசுதல் நலம் என்று மகளிர் பகுதியினர் கருதியது மிகவும் பொருத்தமே.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துள்ளார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. அந்த வரிசையே இன்றைய பேச்சுக்கும் போதுமானது.

அதற்கு முன், சிகிச்சை இன்னதென்று சில சொற்கள். 1920-களில் பாரிஸ் நகரில் டுஜாரியே என்னும் அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் காலை மெலியச் செய்யக் கருதிக் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். கால் அழுகிற்று, அதனை வெட்டி நீக்க நேர்ந்தது. அதன்பின் பல்லாண்டுகள் இம்முயற்சி தேங்கிக் கிடந்தது. 1970-களில் இத்தாலியில் ஃபிஷர் என்னும் தந்தையும் மகனும், பிரான்சில் இலூஸ் என்பவரும், சிறு துளை வழியே குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சும் முறையை வகுத்தனர். 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் வெளியிட்ட முறை ஒரு திருப்பமாக அமைந்தது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் ஆகியவற்றை மிகுதியான உப்பு நீரில் கலந்து முதலில் தோலுக்கடியில் செலுத்துவது அம்முறை. அதனால் இரத்த இழப்பு பெரிதும் குறைந்தது. இன்று எங்கும் செய்யப்படுவது பெரும்பாலும் இதன் வழிவந்ததே.

இனி முதற்கூறு, சிகிச்சை பெறுபவர். ஈண்டு ஓர் உண்மையை அழுத்தமாகக் கூற விரும்புகிறேன். இது உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை அன்று. ஏறக்குறைய இயல்பான எடையுள்ள ஒருவருக்கு, உணவுக் கட்டுப்பாட்டிற்கும் உடற்பயிற்சிக்கும் மசியாமல் ஓரிரு இடங்களில் தங்கிய கொழுப்பைக் குறைத்து உருவத்தைத் திருத்தும் சிகிச்சையே இது.

நம் வயிற்றில் கொழுப்பு இரு அடுக்காக உள்ளது. ஒன்று தோலுக்கடியில் இருப்பது. விரல்களால் பிடித்தால் மடிப்பாக வரும். மற்றொன்று வயிற்றறைக்குள் குடலைச் சூழ்ந்து நிற்பது. பானைபோல் இறுகி நிற்கும் தொந்தி பெரும்பாலும் இரண்டாம் வகையால் வருவது. நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் நெருங்கிய உறவினன் இதுவே. உறிஞ்சுகுழல் இதனை அணுகாது, அணுகவும் கூடாது. 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பருத்த உடலுடைய பெண்கள் பதினைவரின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு நீக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோது இரத்த அழுத்தமோ, இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையோ சிறிதும் சீர்படவில்லை. ஆகவே, "சர்க்கரை நோய் தீரும்" என்று எவரேனும் விளம்பரம் செய்தால், அவ்விடத்தை விட்டு நீங்குங்கள்.

நீக்கிய கொழுப்பு மீண்டும் வாராதோ என்பர் சிலர். உறிஞ்சப்பட்ட அணுக்கள் அவ்விடத்தில் பொதுவாக மீள்வதில்லை. ஆயினும் உணவும் உழைப்பும் மாறாவிடின், எஞ்சிய அணுக்கள் பருக்கும். தொடையில் எடுத்தது வயிற்றில் வந்து சேரவும் கூடும். தொங்கும் தோலை இச்சிகிச்சை இறுக்காது. மகப்பேற்றினால் வயிற்றுத் தசைகள் விலகி நிற்குமாயின், அதற்கு வேறு சிகிச்சை வேண்டும். குடலிறக்கம் உள்ளதா என்பதை முன்கூட்டியே கட்டாயம் சோதித்தறிய வேண்டும்; அறியாது குழாயைச் செலுத்தினால் குடலே துளைபடும்.

தாய்மார்களே! இங்கு ஒரு செய்தியைக் கூறாமலிருக்க இயலவில்லை. திருமணம் நிச்சயமான மகளுக்கு ஒரு மாதத்திற்குள் இதனைச் செய்து முடிக்க வேண்டும் என்று ஒரு தாயார் என்னிடம் வந்தார். மகள் தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். வீக்கம் வடிந்து வடிவம் தெரிய மூன்று மாதங்களுக்கு மேலாகும். மணமேடையில் அவள் வீக்கத்தோடும் உணர்விழந்த தோலோடுமே நிற்பாள் என்றேன். பின்னர் மகளை நோக்கி, "அம்மா, இது உன் விருப்பமா?" என்று கேட்டேன். "மாப்பிள்ளை வீட்டார் விரும்புகிறார்கள்" என்பதே விடையாக வந்தது. அது அவள் விருப்பம் அன்று. ஒரு பெண் மயக்கத்தில் இருக்கையில் அவளுடைய தாயாரிடம் பெற்ற சம்மதம் அவளுடைய சம்மதம் ஆகாது என்று நமது உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. அது வேறோர் அறுவை பற்றிய வழக்கு. எனினும் அந்நீதி இங்கும் பொருந்தும். உடல் யாருடையதோ, சம்மதமும் அவருடையதாகவே இருத்தல் வேண்டும்.

இரண்டாம் கூறு, மருத்துவர். பளபளக்கும் கண்ணாடிக் கதவும், 'முன்' 'பின்' என ஒட்டிய படங்களும் தகுதிச் சான்று ஆகா. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா, மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா எனக் கேளுங்கள். "இவ்வறுவையை எத்தனை முறை செய்துள்ளீர்கள்? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? அவர் முடியும்வரை அருகிருப்பாரா? இடையூறு நேர்ந்தால் என்னை எம்மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்?" இந்நான்கு வினாக்களுக்கும் முகம் சுளிக்காமல் விடையளிப்பவரே நல்ல மருத்துவர். "இன்றே முன்பணம் கட்டினால் கழிவு உண்டு" என்பவர் வணிகர்.

மூன்றாம் கூறு, மருந்து. செலுத்தப்படும் லிக்னோகெயின் உடல் எடைக்கேற்ற அளவைக் கடப்பின் நஞ்சாகும். உதடும் நாவும் மரத்தல், காதில் இரைச்சல், பின்னர் வலிப்பு என அது வெளிப்படும். உடலில் அதன் அளவு உச்சமடைவது பல மணி நேரம் கழித்தே. அப்போது நோயாளி வீட்டில் இருக்கக் கூடும். ஒரே அமர்வில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சுவதைப் பேரளவு எனக் கொள்வர். அதற்கு எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையும் இரவுத் தங்கலும் வேண்டும். ஒரே நாளில் வயிறு, தொடை, கை என அனைத்தையும் முடிக்க விழைவது அறிவுடைமை அன்று.

ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்துகள், கருத்தடை மாத்திரைகள், எடை குறைக்கும் வாராந்தர ஊசிகள், நாட்டு மருந்துகள் ஆகிய எதனையும் மறைக்காதீர்கள்; எதனை எப்பொழுது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். புகைப்பவர் நான்கு வாரங்களுக்கு முன்பே விடுதல் வேண்டும்.

அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடம் விவரம் திரட்டி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கு, ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் இறந்ததாகக் காட்டிற்று. முதன்மையான காரணம், நுரையீரலுக்குச் சென்று அடைத்த இரத்தக் கட்டி. முழு மயக்கமின்றிச் சிறிய அளவில் செய்யும்போது அபாயம் மிகக் குறைவு என்பதும் உண்மையே. எனினும் 2022-ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூரில் 21 வயதே நிரம்பிய கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் அறுவையை ஒட்டி உயிர் நீத்த செய்தியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நோயில்லாத உடலை நாமே கத்திக்குக் கொடுக்கிறோம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நான்காம் கூறு, அருகிருந்து பேணுபவர். நம்மைப் போல் ஊரை விட்டு வந்து வாழ்வோர்க்கு இதுவே மிக முக்கியமானது. ஊரிலெனில் அத்தையோ சித்தியோ வந்து உடனிருப்பர். இங்கோ, கணவர் அலுவலகம் சென்றபின் வீட்டில் எவருமில்லை. போதாக்குறைக்கு, பலர் இதனை இரகசியமாகச் செய்துகொள்கின்றனர். "ஊருக்குப் போகிறேன்" என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டுப் படுத்திருப்போரும் உண்டு. உயிருக்கு ஊறு விளைவிப்பது அறுவையினும் இந்த இரகசியமே.

முதல் 24 மணி நேரம் வளர்ந்த ஒருவர் உடனிருத்தல் வேண்டும். அன்றே மெல்ல எழுந்து நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். இறுக்கமான ஆடையை மருத்துவர் கூறும் நாள்வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் வரை, அணிதல் வேண்டும். துளைகளிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசிதல் இயல்பு; அஞ்ச வேண்டா. ஆனால் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனக்குழப்பம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், காய்ச்சலோடு வளர்ந்து வரும் வயிற்று வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் நள்ளிரவு என்று பாராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சில வாரங்கள் கழித்துத் துளையருகே ஆறாத கட்டிகள் எழுமாயின், அவை தூய்மையற்ற கருவிகளால் வந்த கிருமியின் வேலையாக இருக்கக் கூடும். அதற்கு நீண்ட சிகிச்சை தேவைப்படும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அழகுக்கெனச் செய்யும் அறுவைக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தருவதில்லை. இடையூறு நேர்ந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க நேரிட்டால், அச்செலவும் நம் தலையில் விழக் கூடும். ஆகவே எழுத்தில் முழுக் கணக்கையும் பெற்றபின் முடிவு செய்க.

அன்பர்களே! இச்சிகிச்சை தீயது என்று நான் கூறவில்லை. தகுந்தவர்க்கு, தகுந்தவரால், தகுந்த இடத்தில் செய்யப்படின் மனநிறைவு தரும் சிகிச்சையே இது. நான் வேண்டுவன இரண்டு. செய்துகொள்ள எண்ணுபவர், வெட்கப்படாமல் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமேனும் சொல்லிவிட்டுச் செய்க. மற்றையோர், பெண்ணின் உடலைப் பார்த்தவுடன் "என்ன, பூசினாற்போல் ஆகிவிட்டாயே" என்று தொடங்கும் நல்விசாரணையை இன்றோடு விட்டொழிக்க. அந்த நாவடக்கத்தால் அறுவை மேசையிலிருந்து தப்பும் பெண்கள் நம் காலனியிலேயே சிலர் இருப்பர்.