விதையும் அட்டையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



குடவாசலில் விதைநெல் வாங்கப் போனால், மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா என்றுதான் அப்பா முதலில் பார்ப்பார். சான்று விதைக்கு அதுதான் அடையாளம். பார்வைக்கு எல்லா நெல்லும் ஒண்ணுதான். கலப்பு இருந்தால் கதிர் வரும்போதுதான் தெரியும்.

ஏஐ ஏஜென்ட்டுகளுக்கு நாம் எழுதித் தரும் 'ஸ்கில்'லும் அப்படித்தான். செய்முறைக் குறிப்பும் சில நிரல்களும் உள்ள ஒரு ஃபோல்டர். ஆனால் அது ஓடுவது அடுத்தவர் கம்ப்யூட்டரில், அவருடைய அதிகாரத்தோடு.

2018-இல் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற நிரல் தொகுப்பை, அதை எழுதியவர் முன்பின் தெரியாத ஒருவரிடம் நம்பி ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் நிரலை அதில் சேர்த்துவிட்டார்.

நானும் தப்பு செய்தவன்தான். என் முதல் ஸ்கில்லை வெளியிடும் அவசரத்தில் சர்வர் பாஸ்வேர்டை அதிலேயே விட்டிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர், "என்ன சார், வீட்டுச் சாவியையும் சேர்த்தே கொடுக்கிறீங்களா?" என்றார். அன்று தப்பித்தேன்.

ஆகவே தம்பி தங்கைகளே, பாஸ்வேர்டுகளை நீக்குங்கள். தேவைக்கு மேல் அனுமதி கேட்காதீர்கள். எதைத் தொடும், எங்கே தகவல் அனுப்பும் என்று எழுதி வையுங்கள். திருத்தினால் பதிப்பு எண்ணை மாற்றுங்கள். வெளியிடுமுன் இன்னொருவரிடம் காட்டுங்கள். என்னிடம் அனுப்பினாலும் சரி, உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.