பின்சக்கரம் நகராமல் இருக்க



தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் ஒன்று பத்து, இருபது வருடமாக வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. கியர் மாற்றும் லீவர் இறுகிப்போய்விட்டது, கேபிள் துருப்பிடித்துவிட்டது. இரும்புச் சட்டம் மட்டும் கல்லுக்குண்டாக இருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிகளை ஒற்றைக் கியருக்கு மாற்றி ஓட்டுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பின்னாலிருக்கும் பல்சக்கர அடுக்கைக் கழற்றி, பதினாறு அல்லது பதினெட்டுப் பல் கொண்ட ஒன்றை மட்டும் வைத்து, மீதி இடத்தை வளையங்களால் நிரப்பினால் வேலை முக்கால்வாசி முடிந்தது. சேறு பட்டாலும் மணல் புகுந்தாலும் கெடுவதற்கு அதிகமாக எதுவும் இல்லாத வண்டி. எனக்கு இதன் மேல் தனிப் பிரியம் உண்டு.

மீதிக் கால்வாசியில்தான் ஆபத்து இருக்கிறது. பின்சக்கரத்தை அது இருக்கவேண்டிய இடத்தில் நிறுத்தி வைப்பது எப்படி? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போவோம். மலைச் சைக்கிள் பிறந்ததே ஒற்றைக் கியரோடுதான். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், 1970களில் சில இளைஞர்கள் ஷ்வின் நிறுவனத்தின் பழைய எக்செல்சியர் சைக்கிள்களை மலைச்சரிவுகளில் இறக்கி ஓட்டினார்கள். 1976இல் ஒரு பந்தயமே தொடங்கினார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிரேக் பிடிக்கும் வண்டிகள் அவை. இறங்கி முடிப்பதற்குள் பின் அச்சுக் குடம் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் மறுபடி அடைப்பது என்ற பொருளில் அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்றே பெயர் வந்தது.

அந்தப் பழைய வண்டிகளில் ஆக்சில் திடமான இரும்புக் கம்பி, இரண்டு பக்கமும் பெரிய நட்டு. ஆக்சில் உட்காரும் காடி நீளமாக, பின்பக்கம் திறந்திருக்கும். நம் ஊர்ச் சாதாரண சைக்கிளில் செயின் தொய்ந்தால் கடைக்காரர் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, மறுபடி முறுக்குவாரே, அதே ஏற்பாடு. பிறகு மலைச் சைக்கிளுக்குக் கியர் வந்தது. செயினின் தொய்வை, பின்னால் தொங்கும் டீரெய்லர் தன் ஸ்பிரிங்கால் இழுத்துக்கொண்டது. சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் தேவை போயிற்று; காடி குட்டையானது, நாளடைவில் செங்குத்தாகவே ஆனது. நட்டு இருந்த இடத்துக்குக் கையாலேயே மடக்கிப் பூட்டும் குயிக் ரிலீஸ் வந்தது.

ஆகவே ஒற்றைக் கியருக்கு மாற்றுகிறவர் முதலில் குனிந்து பார்க்கவேண்டியது காடியைத்தான். செங்குத்துக் காடி என்றால் சக்கரம் முன்னால் நகர வழியே இல்லை. ஆனால் செயினை இறுக்கவும் வழியில்லை. தொய்வை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் வைத்த சிறு உருளை ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். அந்த வண்டி பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. கிடைமட்டக் காடி உள்ள பழைய சட்டம்தான் நம் கவலை. செயினை விரும்பியபடி இறுக்கலாம். ஆனால் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது நட்டோ குயிக் ரிலீஸோ கொடுக்கும் பிடி ஒன்றுதான்.

எவ்வளவு விசை அதன் மேல் விழுகிறது என்று பாருங்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் மேட்டில் எழுந்து நின்று, தன் முழு எடையையும் ஒரு பெடலில் போடுகிறார். பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம் 175 மில்லிமீட்டர். முன்னால் முப்பத்திரண்டு பல் சக்கரம். அதன் ஆரம் சுமார் 65 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் செயினில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ 190 கிலோ எடைக்குச் சமம். செயின் வலப்பக்கம் ஓடுவதால் அதில் பெரும்பகுதி ஆக்சிலின் வலது முனையில்தான் விழுகிறது. பிடி போதாவிட்டால் வலது முனை முன்னால் சறுக்கும், சக்கரம் கோணும், டயர் போய்ச் சட்டத்தின் இடது அடிக்குழாயில் உரசி நிற்கும். மேடேறும்போது டயர் இடப்பக்கம் உரசுகிறது என்றால் ரிம் கோணலாகிவிட்டதோ என்று ஸ்போக்கைத் திருகாதீர்கள். முதலில் ஆக்சிலைப் பாருங்கள்.

இதற்குச் சிறந்த வழி திட ஆக்சிலும் நட்டும்தான் என்பது என் முடிவு. நட்டின் அடியில் பல் வெட்டிய வாஷர் சேர்ந்தே இருந்தால் மிகவும் நல்லது. பதினைந்து மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். இறுக்கம் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இருக்கட்டும்.

குயிக் ரிலீஸே வேண்டும் என்கிறவர்கள் வகை பார்த்து வாங்க வேண்டும். லீவரை மடக்கும்போது இறுக்கத்தைக் கொடுக்கும் கேம் வெளியே தெரிவது ஒரு வகை. லீவரின் கீழே பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். கேம் இரும்புக் கூட்டுக்குள் மறைந்திருப்பது பழைய வகை. இரண்டாவதுதான் உறுதியாக இறுக்கும். சைக்கிள் மெக்கானிக்காக இருந்து, ஒற்றைக் கியர் வண்டிகளைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்கர் ஷெல்டன் பிரவுனும் இதையே வற்புறுத்தினார். எடை குறையும் என்று அலுமினியப் பூட்டை வாங்குவது இந்த வண்டிக்குப் பொருந்தாது. காடியைக் கவ்வும் முகம் இரும்பாக இருக்க வேண்டும், அதில் பல் இருக்க வேண்டும். குயிக் ரிலீஸ் ஆக்சிலின் முனை காடியின் தகட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. நீட்டினால் பூட்டு ஆக்சிலைத்தான் கவ்வும், சட்டத்தைக் கவ்வாது. லீவர் இறுகியதுபோலக் கைக்குத் தோன்றும், சக்கரமோ தளர்வாக இருக்கும். அரத்தால் ராவிச் சரிசெய்யலாம்.

சக்கரத்தைக் கழற்றிக் காடியின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல் பதிந்த தடம் புள்ளி புள்ளியாகக் கூர்மையாகத் தெரிந்தால் பிடி நன்றாக இருக்கிறது. அதே தடம் முன்பக்கமாகக் கீறல் கீறலாக இழுபட்டிருந்தால் சக்கரம் நகர்ந்திருக்கிறது. பெயின்ட் தடிப்பாக இருந்தால் கவ்வும் இடத்தில் மட்டும் சுரண்டிவிடுங்கள். பெயின்ட் நசுங்க நசுங்க இறுக்கம் குறைந்துகொண்டே போகும். எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிடுங்கள்.

சில சட்டங்களில் காடியின் பின்னாலிருந்து இரண்டு சிறு திருகாணிகள் நுழைந்திருக்கும். சக்கரத்தை அவைதான் பிடிக்கின்றன என்று நம்பிவிட வேண்டாம். ஆக்சில் பின்னால் போகாமல்தான் அவை தடுக்கும். செயின் இழுப்பதோ முன்னால். காடி பின்பக்கம் திறந்த வகையாக இருந்தால் ஆக்சிலைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் செயின் அட்ஜஸ்டர் ஒன்றை வலப்பக்கம் மாட்டுங்கள். ஆக்சில் முன்னால் நகரவே முடியாது.

மாட்டும் முறையும் முக்கியம். சக்கரத்தைப் பின்னால் இழுத்து வலது நட்டைப் பாதி இறுக்குங்கள். பிறகு டயரை இரண்டு குழாய்களுக்கும் நடுவில் நிறுத்தி இடது நட்டை முறுக்குங்கள். கிராங்கை முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். செயின் ஓர் இடத்தில் இறுகும், ஓர் இடத்தில் தளரும். இறுகும் இடத்திலும் நடுவில் விரலால் அழுத்தினால் சற்றே அசைய வேண்டும். கம்பிபோல விறைத்தால் பேரிங் சீக்கிரமே தேய்ந்துவிடும். சரிபார்த்த பின்பே இரண்டு நட்டையும் முழுதாக முறுக்குங்கள்.

இத்தனையும் செய்தபின் பக்கத்திலிருக்கும் ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறுங்கள். ஏறியதும் இறங்கி, டயருக்கும் இடது குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி முன்பு இருந்த அளவே இருக்கிறதா என்று பாருங்கள், நட்டுகளை இன்னொரு தரம் முறுக்குங்கள். இதைச் செய்யாமல் யாரும் அந்த வண்டியை மலைப்பாதைக்குக் கொண்டுபோகாதீர்கள்.